ஒப்பிக்கிறதா, படிக்கிறதா?

உங்கள் இல்லத்தில் இரண்டாம் வகுப்பிலோ மூன்றாம் வகுப்பிலோ பயிலும் பிள்ளை இருக்குமாயின், இன்று மஃரிபு தொழுகைக்குப் பின் ஐந்து நிமிடங்கள் ஒதுக்கி ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். தமிழ்ப் பாடநூலை எடுத்து, பள்ளியில் நடந்து முடிந்த பாடம் ஒன்றைப் படிக்கச் சொல்லுங்கள். பிள்ளை தடையின்றிப் படிக்கும். மாஷா அல்லாஹ் என்று மகிழ்வீர்கள். அத்துடன் நூலை மூடிவிடாதீர்கள். பாடத்தின் படத்தை ஒரு தாளால் மறைத்துவிட்டு, மூன்றாம் வரியின் நடுவிலுள்ள ஏதேனும் ஒரு சொல்லைச் சுட்டி, ‘இது என்ன?’ என்று கேளுங்கள். சில பிள்ளைகள் உடனே சொல்லிவிடும். வேறு சில, வரியின் தொடக்கத்திற்குப் போய், வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே வந்து, அந்தச் சொல்லை அடைந்ததும் உரக்கச் சொல்லும். இன்னும் சில உங்கள் முகத்தைப் பார்க்கும்.

முதலில் கூறிய பிள்ளைகள் படிக்கின்றன. மற்ற இரு வகையினரும் ஒப்பிக்கின்றனர். இந்த வேறுபாடு ஐந்தாம் வகுப்பு வரை வெளியே தெரிவதில்லை என்பதுதான் இக்கட்டுரையை எழுதத் தூண்டிய கவலை.

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் மக்தப் பிள்ளைகளுக்கு ஓதக் கற்றுக்கொடுத்து வருபவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல எனக்கு உரிமையுண்டு என நினைக்கிறேன். நம் இல்லங்களில் நினைவாற்றலுக்கு உள்ள மதிப்பு பெரிது. ஐந்து வயதில் ஃபாத்திஹாவும், ஆறு வயதில் சிறு சூராக்களும் மனப்பாடமாகிவிடுகின்றன. ஹாஃபிழ்களை உருவாக்கிய சமுதாயம் இது. அந்த ஆற்றல் அல்லாஹ் தந்த அருட்கொடை. அதைக் குறைத்துப் பேச எனக்குத் துணிவில்லை. ஆயினும், சூராவை மனப்பாடமாக அறிந்த பிள்ளை முஸ்ஹஃபை விரித்து விரலை ஓட்டிக்கொண்டு ஓதும்போது, எழுத்தைப் பார்த்து ஓதுகிறதா, நினைவிலிருந்து ஓதுகிறதா என்பதை அனுபவமுள்ள உஸ்தாதுகள் எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? பக்கத்தின் நடுவில் ஓரிடத்தில் விரலை வைத்து, ‘இங்கிருந்து ஓது’ என்பார்கள். ஓதும் பள்ளியில் நாம் தவறாமல் செய்யும் இந்தச் சோதனையைத் தமிழ்ப் பாடநூலுக்குச் செய்வதில்லை. தமிழ் தாய்மொழிதானே, தானாக வந்துவிடும் என்று எண்ணிவிடுகிறோம். பேச்சு தானாக வரும். எழுத்து எந்த மொழியிலும் தானாக வந்ததில்லை.

இன்னொன்றும் உண்டு. நம் முன்னோர் காலத்தில் அரபுத் தமிழ் என்றொரு பாலம் இருந்தது. தமிழ் மொழியை அரபு எழுத்தில், தமிழுக்கே உரிய ஒலிகளுக்குச் சில எழுத்துகளைக் கூடுதலாக அமைத்துக்கொண்டு எழுதிய முறை அது. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள் (மறைவு 1898) எழுதிய ‘மகானி’ போன்ற நூல்கள் அவ்வெழுத்திலேயே வழங்கின. பள்ளிக்கூட வாசலை மிதித்திராத நன்னிமார்கள் அந்நூல்களைப் படித்து மார்க்கச் சட்டம் சொன்னார்கள். இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. அலிஃப், பா, தா கற்ற சிறுமி அரபுத் தமிழ் ஏட்டை எழுத்துக்கூட்டி வாசித்தபோது, வாயில் வந்த ஒலி அவளுடைய சொந்தத் தமிழாக இருந்தது. எழுத்தைக் கூட்டிய கணத்திலேயே பொருள் விளங்கியது. ‘எழுத்து என்பது ஏதோ சொல்லுகிறது’ என்பதை அவள் முதல் நாளிலேயே அறிந்தாள். அந்தப் பாலம் இன்று பெரும்பாலும் வழக்கொழிந்துவிட்டது. இன்றைய பிள்ளை பொருள் அறியாமல் அரபு எழுத்தைக் கூட்டி ஓதுகிறது. இறைவேதத்தை அவ்வாறு ஓதுவதிலும் நன்மையுண்டு. ஆனால் அதே பழக்கம் தமிழ்ப் பாடநூலுக்கும் வந்துவிடுமானால், உரத்த குரலில் ஓசை எழுப்புவதே படிப்பு என்று பிள்ளை முடிவு செய்துவிடுகிறது.

பேருந்துப் பலகையில் ஒரு பாடம்

தமிழ் எழுத்துகள் 247 என்றதும் பெற்றோர் மலைத்துப் போகிறார்கள். பிள்ளையை உட்காரவைத்து க, கா, கி, கீ என்று அட்டவணை முழுவதையும் பாட்டாகப் பாடச் செய்கிறார்கள். பாட்டு வரும், எழுத்து வராது. உண்மையில் அந்த 247-இல் 216 உயிர்மெய்கள். 18 மெய்களின் வடிவமும், கால், கொம்பு, விசிறி போன்ற சில குறிகளும் தெரிந்தால் அவற்றில் பெரும்பகுதியைப் பிள்ளையே கூட்டிக்கொள்ளும். நம் பிள்ளைகளுக்கு இது புதிதுமன்று. மக்தபில் ஒரே எழுத்துக்கு ஸபர், ஸேர், பேஷ் இட்டு மூன்று ஒலிகள் ஓதுகிறார்களே, அதே கணக்குத்தான். ‘அங்கே மேலும் கீழும் குறி போடுகிறோம், இங்கே முன்னும் பின்னும் போடுகிறோம்’ என்று சொன்னால் பிள்ளையின் கண்கள் விரிவதைப் பார்க்கலாம்.

சிக்கல் எழும் இடங்கள் வேறு. அவை பெரும்பாலும் இரண்டு மூன்று இடங்களே. அவற்றைத் தெரிந்துவைத்துக்கொண்டால் பிள்ளையைத் திட்டுவது பாதியாகக் குறைந்துவிடும்.

முதலாவது கொம்பு. ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பெயர் வாங்கித் தந்த பால்கோவாவையே எடுத்துக்கொள்வோம். கடைவீதியில் பத்தடிக்கு ஒரு பலகையில் இச்சொல் இருக்கிறது. பா, ல், கோ, வா என நான்கே எழுத்துகள். ‘பா’வில் கால் பின்னால் வருகிறது, ஒலியும் அந்த வரிசையிலேயே வருகிறது. ‘ல்’ தலையில் புள்ளி. ஆனால் ‘கோ’வைப் பாருங்கள். இரட்டைக்கொம்பு முன்னால், ககரம் நடுவில், கால் பின்னால். கண் முதலில் காண்பது கொம்பை. வாய் முதலில் சொல்ல வேண்டியது ககரத்தை. இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகக் கூட்டிவரும் பிள்ளை இங்கே இடறுகிறது. ‘கொம்பைக் கண்டால் நில், அடுத்த எழுத்தைப் பார், இரண்டையும் சேர்த்துச் சொல்’ என்று ஒரு வாரம் பழக்கினால் போதும். நான்கு எழுத்தில் கால், புள்ளி, இரட்டைக்கொம்பு மூன்றையும் கற்றுத்தரும் இதைவிடச் சுவையான பாடம் எந்த நூலில் இருக்கிறது? படித்து முடித்ததும் நூறு கிராம் வாங்கிக்கொடுத்துவிடுங்கள்.

இரண்டாவது, உகர ஊகார வரிசை. ஆகாரத்திற்குக் கால் என்று ஒரே குறி இருப்பதுபோல உகரத்திற்கு இல்லை. கு, சு, து, பு, மு, ரு என ஒவ்வொன்றும் தன் வழியில் வளைகிறது. இதைக் குறி சொல்லிப் புரியவைக்க இயலாது. ஒவ்வொன்றையும் தனித்தனியே பழக்கத்தான் வேண்டும். ஆகவே இவ்வரிசையைக் கடைசியாகவும் மெதுவாகவும் கற்பிப்பதே முறை.

மூன்றாவது, ஓர் எழுத்துக்குப் பல ஒலி. அரபு எழுத்துகளைப் பயிலும் பிள்ளைக்கு, ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு மக்ரஜ், ஓர் ஒலி என்று நாம் கண்டிப்புடன் கற்பிக்கிறோம். அதே பிள்ளை ‘கல்’, ‘பகல்’, ‘தங்கம்’ ஆகிய மூன்றையும் பார்க்கும்போது, ஒரே ககரம் மூன்று விதமாக ஒலிக்கிறது. ‘பகல்’ என்பதைப் ‘பக்கல்’ போலப் படித்துவிட்டு விழிக்கிறது. அங்கே பிள்ளை தவறியதாகக் கொள்ளக் கூடாது. கற்றதைச் சரியாகவே பொருத்திப் பார்த்திருக்கிறது. ‘நாம் பேசும்போது எப்படிச் சொல்வோம்?’ என்று கேட்டுவிட்டால் தானே திருத்திக்கொள்ளும்.

ராஜபாளையத்திற்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே ஓடும் பேருந்துகளின் பெயர்ப்பலகைகளே நல்ல வாசிப்பு அட்டைகள். ஆனால் அவற்றில் குறும்பும் உண்டு. ‘ஸ்ரீ’ என்பதும் ‘ஜ’ என்பதும் 247-க்குள் அடங்காதவை. ஒரே ஊர் ஓரிடத்தில் ‘ஸ்ரீவில்லிபுத்தூர்’ என்றும் மற்றோரிடத்தில் ‘திருவில்லிபுத்தூர்’ என்றும் எழுதப்பட்டிருக்கும். ‘ராஜபாளையம்’ என்பதிலுள்ள ‘ளை’ வேறொரு கதை. 1978இல் தமிழக அரசு மேற்கொண்ட எழுத்துச் சீர்திருத்தத்தில் வடிவம் மாறிய 13 எழுத்துகளில் அதுவும் ஒன்று. அதற்கு முன் பயின்ற நன்னா, நன்னி எழுதும் ‘லை’, ‘ளை’ முதலியவற்றில் யானைத் துதிக்கை போன்றதொரு வளைவு இருக்கும். பிள்ளை அதைப் பார்த்து ‘இது தப்பு’ என்று சொன்னால் கடிந்துகொள்ளாதீர்கள். இரண்டு வடிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள். எழுத்து மனிதர்கள் ஏற்படுத்திய ஏற்பாடு என்பதைப் பிள்ளை ஒரு நொடியில் புரிந்துகொள்ளும்.

யார் உட்கார வைப்பது?

இவ்விரு ஊர்களும் உழைக்கும் ஊர்கள். ராஜபாளையத்தின் நூற்பாலைகள் முறைவேலை முறையில் ஓடுபவை. பக்கத்துச் சத்திரப்பட்டியில் மருத்துவமனைகளுக்கான கட்டுத்துணி நெய்யும் தறிகளின் ஓசை ஓய்வதில்லை. அத்தா இரவு வேலைக்குப் போகும் வாரத்தில் பிள்ளை பள்ளியிலிருந்து வரும்போது அவர் புறப்பட்டுக்கொண்டிருப்பார். அம்மாவும் வேலைக்குச் செல்பவராக இருந்தால் பிள்ளையைக் கவனிக்க வீட்டில் நன்னி மட்டுமே. வகுப்பறையிலும் எல்லாப் பிள்ளைகளின் வீட்டுமொழியும் ஒன்றாக இருப்பதில்லை. சில இல்லங்களில் தெலுங்கு, சில இல்லங்களில் உருது. தமிழ் பேசும் வீட்டுப் பிள்ளைக்கும் பாடநூலின் ‘வந்தது’ என்பது வீட்டில் ‘வந்துச்சு’தான். இத்தனையையும் சுமந்துகொண்டு வரும் பிள்ளைகளுக்கு ஒரே ஆசிரியர், சில பள்ளிகளில் ஒன்றுக்கு மேற்பட்ட வகுப்புகளை ஒரே அறையில் வைத்துக்கொண்டு, எழுத்தறிவிக்கிறார். அவர் மீது மட்டும் பாரத்தைப் போட்டுவிட்டு நாம் ஒதுங்குவது நியாயமாகுமா?

தமிழக அரசு இவ்விஷயத்தில் சும்மா இருந்ததாகச் சொல்ல முடியாது. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் எம்.பி. விஜயகுமார் அவர்களின் முயற்சியால் செயல்வழிக் கற்றல் தொடங்கிற்று. சில ஆண்டுகளில் அது மாநிலம் முழுவதற்கும் விரிந்தது. அட்டைகளும், தரையளவில் அமைந்த கரும்பலகைகளும், பிள்ளை தன் வேகத்தில் ஏறும் ஏணிப்படியும் அம்முறையின் அடையாளங்கள். பின்னர் கொரோனா வந்தது. 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப்பள்ளிகள் 2021 நவம்பர் 1ஆம் நாள்தான் திறந்தன. ஒன்றரை ஆண்டுக்கு மேல்! அன்று முதல் வகுப்பில் பெயர் பதிந்த பிள்ளை எழுத்தைக் காணாமலே இரண்டாம் வகுப்புக்குப் போனது. 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வி தொடங்கப்பட்டு, தன்னார்வலர்கள் மாலை நேரங்களில் தெருத்தெருவாகப் பிள்ளைகளைக் கூட்டி வைத்துக் கற்பித்தனர். 2022 ஜூனில் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்தது. எட்டு வயதுக்குள் ஒவ்வொரு பிள்ளையும் பொருளுணர்ந்து படிக்கவும், எழுதவும், அடிப்படைக் கணக்குச் செய்யவும் வேண்டும். 2025க்குள் இது கைகூட வேண்டும் என்பது அதன் இலக்காக இருந்தது. முதல் மூன்று வகுப்புகளுக்குத் தொடங்கிய இத்திட்டம் அடுத்த ஆண்டில் நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் விரிந்தது. அதில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிக்கிறார்கள். மூன்றாம் வகுப்பில் அமர்ந்திருக்கும் பிள்ளை அரும்பு நிலையில் இருக்கலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வெளிப்படையாகத் தெரிந்துகொண்டதால்தான் உதவ முடிகிறது.

ஆனால் இந்தச் சொற்களை எத்தனை பெற்றோர் கேள்விப்பட்டிருக்கிறோம்? ‘என் பிள்ளை எந்த நிலையில் இருக்கிறது?’ என்று பள்ளிக்குச் சென்று கேட்டவர்கள் எத்தனை பேர்? எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்திவைப்பதில்லை என்பது தமிழ்நாட்டில் தொடர்கிறது. அக்கொள்கை பிள்ளைக்கு நல்லது என்றே நான் கருதுகிறேன். தோல்வி முத்திரை குத்தி வெளியேற்றிய காலத்தை நாம் மறந்துவிடவில்லை. ஆயினும் ‘பாஸாகிவிட்டான்’ என்ற சொல்லை மட்டும் நம்பியிருக்கும் வீட்டில், படிக்கத் தெரியாத பிள்ளை ஆறாம் வகுப்புக்கும் அமைதியாகப் போய்விடும். அங்கே அறிவியல், சமூகவியல் என்று எல்லாப் பாடங்களும் படித்தால்தான் புரியும். படிக்க முடியாத பிள்ளைக்கு எல்லாப் பாடமும் மூடிய கதவு. பதினைந்து வயதில் ‘படிப்பு ஏறவில்லை’ என்ற ஒற்றை வாக்கியத்துடன் அப்பிள்ளை எங்கே போய் நிற்கும் என்பது இவ்வூர்க்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எழுதுவது பற்றிச் சில

படிப்பைப் போலவே எழுத்திலும் ஒரு மயக்கம் உண்டு. நோட்டு நிறைய அழகாக எழுதியிருக்கும் பிள்ளையைக் கண்டு மகிழ்கிறோம். அது கரும்பலகையைப் பார்த்து வரைந்ததா, தானே எழுதியதா? பார்த்து எழுதுதல் கைக்குப் பயிற்சி. சொல்வதைக் கேட்டு எழுதுதல் அறிவுக்குப் பயிற்சி. ‘ஆடு மேய்ந்தது’ என்று நீங்கள் சொல்ல, பிள்ளை எழுதட்டும். எது வருகிறது, எது வரவில்லை என்பது அந்த ஒரே வரியில் தெரிந்துவிடும். காலையில் மக்தபில் வலமிருந்து இடமாக எழுதிய கை, பள்ளியில் இடமிருந்து வலமாக எழுதுகிறது. தொடக்கத்தில் சில பிள்ளைகள் சில எழுத்துகளைத் திருப்பிப் போடும். பொறுமையாகத் திருத்தினால் போதும். கம்பை எடுக்கத் தேவையில்லை.

பென்சிலை அழுத்திப் பிடித்துக் கை வலிக்கும் பிள்ளைக்கு மணல் தட்டைக் கொடுங்கள். நம் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் விரலால் மணலில் எழுதியே பழகினார்கள். 1789இல் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் இல்லத்தின் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்னும் ஆங்கிலத் திருச்சபையினர் அந்த மணலெழுத்தைக் கண்டு வியந்து, தம் பள்ளியிலும் புகுத்தினார். மூத்த மாணவன் இளைய மாணவனுக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டையும் கடைப்பிடித்தார். அவர் இங்கிலாந்து திரும்பியபின் 1797இல் அதை நூலாக எழுத, ‘மதராஸ் முறை’ என்ற பெயரில் அந்நாட்டுப் பள்ளிகள் பலவற்றில் அது பரவிற்று. நம் தெருமணல் கடல் கடந்து போனது. நம் வீட்டில் ஐந்தாம் வகுப்பு படிக்கும் அக்காள், இரண்டாம் வகுப்புத் தம்பிக்குப் பத்து நிமிடம் சொல்லிக்கொடுக்க முடியாதா? அத்தாவும் அம்மாவும் வேலையில் இருக்கும் வீடுகளுக்கு இதைவிடச் சிறந்த வழி எனக்குத் தோன்றவில்லை.

பத்ருப் போரில் சிறைப்பட்ட மக்கத்தவருள் ஈட்டுத்தொகை கொடுக்க வசதியில்லாத, எழுதத் தெரிந்தவர்கள், மதீனத்துச் சிறுவர் பத்துப் பேருக்கு எழுதக் கற்பித்தால் விடுதலை என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஏற்பாடு செய்த வரலாற்றை நாம் மேடைதோறும் கேட்கிறோம். அதில் ஒரு நுட்பத்தை எண்ணிப் பாருங்கள். பிள்ளைகள் தேர்ச்சியடைந்த பின்னரே அந்தக் கைதிக்கு விடுதலை. இத்தனை நாள் பாடம் நடத்தினேன் என்ற கணக்கு அங்கே செல்லுபடியாகவில்லை. அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்களுக்கு எழுதக் கற்பித்தவர் ஷிஃபா (ரலி) என்னும் பெண்மணி என்பதையும், ‘எனக்கென்ன தெரியும்’ என்று ஒதுங்கும் தாய்மார்களுக்கு நினைவூட்ட விரும்புகிறேன்.

வீட்டில் செய்ய வேண்டியது அதிகமில்லை. ‘பிரதம்’ என்னும் தொண்டு நிறுவனம் 2005 முதல் நம் நாட்டின் கிராமப்புற வீடுகளுக்கே சென்று பிள்ளைகளின் வாசிப்பை அளந்து வருகிறது. ‘அசர்’ என்று அதன் அறிக்கைக்குப் பெயர். அவர்கள் பயன்படுத்துவது ஒரே ஒரு தாள்தான். எழுத்துகள், எளிய சொற்கள், முதல் வகுப்பு அளவில் ஒரு சிறு பத்தி, இரண்டாம் வகுப்பு அளவில் ஒரு கதை. பிள்ளை எதுவரை செல்கிறது என்று பார்ப்பார்கள். இதை நீங்களும் கையால் எழுதித் தயாரிக்கலாம். பிள்ளை முன்பு பார்த்திராத சொற்களாக இருக்க வேண்டும் என்பது முக்கியம். சொல்லில் நிற்கும் பிள்ளைக்குக் கதைப்புத்தகம் வாங்கித் திணிக்க வேண்டாம். சொல்லையே பலவாறு காட்டுங்கள். மளிகைச் சீட்டைப் பிள்ளையே எழுதட்டும். ‘துவரம்பருப்பு’ என்பதைத் ‘தொவரம்பருப்பு’ என்று எழுதினால் சிரிக்காதீர்கள். காதில் விழுந்ததை எழுத்தாக்கத் தெரிந்துவிட்டது, மீதி எளிது. கதை படிக்கும் நிலைக்கு வந்த பிள்ளையை நூலகத்திற்கு அழைத்துச் செல்லுங்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் 1875 முதல் பென்னிங்டன் நூலகம் இருக்கிறது. அவ்வழியே நாள்தோறும் போய்வரும் நம்மவர் பலர் உள்ளே நுழைந்து பார்த்ததில்லை!

படித்து முடித்ததும் ‘என்ன கதை, சொல்’ என்று கேட்க மறவாதீர்கள். நூலின் நடையில் சொல்ல வேண்டியதில்லை. வீட்டுப் பேச்சில், உருது பேசும் வீடானால் உருதுவில், தன் சொற்களில் சொல்லட்டும்.

இறுதியாக ஒரு செய்தி. அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு என்றொன்று உண்டு. கல்வி உரிமைச் சட்டப்படி அதில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும். பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும். கூட்ட அழைப்பு வந்தால், ‘மதிய நேரம், வேலையிருக்கிறது’ என்று விட்டுவிடாதீர்கள். போகும்போது பிள்ளை கேட்டெழுதிய தாள் ஒன்றைக் கையில் கொண்டு செல்லுங்கள். வகுப்பு ஆசிரியரிடம் அதைக் காட்டி, அரும்பா, மொட்டா, மலரா என்று கேட்டு, அடுத்த நிலைக்குப் போக வீட்டில் எந்த எழுத்துகளைப் பழக்க வேண்டும் என்பதை அந்தத் தாளின் பின்புறத்திலேயே எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.